கண்ணைக் கட்டிய 40 நிமிடங்கள்: ஒரு வகுப்பறை நிகழ்வு ஆய்வு

"எனக்கு இப்படி ஆனால் நான் உயிரோடு இருக்கவே மாட்டேன்."

ஒரு துண்டுச் சீட்டில் இருந்த வரி இது. எழுதியவன் 14 வயதுப் பையன். அதை வகுப்பு முழுவதும் கேட்கும்படி படித்தது நான். சீட்டுகளை முன்கூட்டியே பார்த்து வைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். பாதி வரி வந்தபோதே அது எங்கே போய் முடியப்போகிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்துவதற்குள் வாய் சொல்லி முடித்துவிட்டது. இரண்டாவது வரிசையில், பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் பள்ளியில் மாணவர் ஆலோசகர். அந்த வரி எப்படி வந்தது, அதன் பிறகு அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த மாணவியிடம் முழுவதையும் படித்துக் காட்டி, அவள் நீக்கச் சொன்ன இரண்டு இடங்களை நீக்கியிருக்கிறேன்.

பின்னணி

அவளுக்கு ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கும் பரம்பரை நோய் இது. பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்வயதிலோ தலைகாட்டும். நேராகப் பார்க்கும் இடத்தில் மங்கலான ஒரு திட்டு விழுந்துவிடும். ஓரப்பார்வை பொதுவாக மிஞ்சியிருக்கும். அதனால் ஒருவர் முகத்தைப் பார்க்க அவள் கண்ணைச் சற்று விலக்க வேண்டும். நேராகப் பார்த்தால்தான் முகம் காணாமல் போகும்.

இது வகுப்பில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. பேசும்போது முகம் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறாள், அதனால் திமிர் பிடித்தவள். தடுமாறாமல் நடக்கிறாள், ஆனால் போர்டு மட்டும் தெரியவில்லை என்கிறாள், அதனால் நடிக்கிறாள். பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கிறது, அதனால் சலுகைக்காக நடிக்கிறாள். இந்த மூன்றாவதுதான் பலருக்கு உறுத்தியது. பதின்வயதில் நியாய அநியாயம் பற்றிய கோபம் கூர்மையாக இருக்கும். அடுத்தவருக்குக் கிடைக்கும் எதுவும் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது போலத் தோன்றும். அவளுடைய உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒருநாள் யாரோ ஒளித்து வைத்தார்கள். மூக்கில் புத்தகம் முட்டும்படி பிடித்து அவளைப் போலவே நடித்துக் காட்டினார்கள்.

புகார் வந்ததும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தலாம் என்று முடிவானது. திட்டம் போட்டது நான். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவருக்குக் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, தாழ்வாரத்தில் நடக்கவும், படி ஏறவும், குவளையில் தண்ணீர் ஊற்றவும், போர்டில் பெயர் எழுதவும் சொன்னோம். மொத்தம் 40 நிமிடம். இது உலகம் முழுக்கப் பள்ளிகளில் நடக்கிற பயிற்சிதான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. 'அடுத்தவர் இடத்தில் நின்று பார்' என்பதைவிட நல்ல அறிவுரை இருக்க முடியாது என்று நம்பியிருந்தேன். அவளிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும்

பயிற்சி முடிந்தபோது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். சிலர் அழுதார்கள். இரண்டு பையன்கள் முகம் வெளிறிப் போயிருந்தார்கள். பிறகு எல்லாரிடமும் எழுதி வாங்கிய சீட்டுகளில் "ரொம்பப் பயமாக இருந்தது", "பாவம் அவர்கள்", "எனக்குக் கண் இருப்பதற்கு நன்றி" என்று இருந்தன. இதுதானே நாம் விரும்பியது என்று நினைத்தபடி வாசித்துக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் அந்தச் சீட்டு.

அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என் அறைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், அவங்க பார்த்தது முதல் 40 நிமிஷத்தை. நான் நாலு வருஷமா இப்படி இருக்கேன். முதல் நாள் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த முதல் நாளையே என் வாழ்க்கைன்னு நினைச்சுட்டாங்க."

இன்னொன்றும் சொன்னாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "முன்னாடி கிண்டல் பண்ணாங்க. இப்போ யாரும் கிண்டல் பண்றதில்லை. யாரும் பேசறதும் இல்லை. நான் நடந்தா வழி விடறாங்க."

வகுப்பைக் கவனித்தேன். அவள் சொன்னது உண்மை. கேலி நின்றிருந்தது. அந்த இடத்தில் ஒருவிதப் பயபக்தியான ஒதுங்கல் வந்திருந்தது. அவள் பையைத் தூக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள், ஆனால் விளையாட்டுக்கு அணி பிரித்தபோது ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. வகுப்பாசிரியருக்கு நிம்மதி, புகார் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நிகழ்ச்சி வெற்றிதான்.

ஏன் இப்படி ஆனது

பயிற்சி நடத்துவதற்கு முன்பே நான் படித்திருக்க வேண்டியவற்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். என் அனுபவம் புதிதே இல்லை என்று தெரிந்தது. பார்வையற்றவரான உளவியலாளர் ஆரியெல் சில்வர்மன் தன் சகாக்களுடன் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சோதித்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். காரணம் எளிது. துணி கட்டியவுடன் கிடைப்பது பார்வையிழந்த முதல் கணத்தின் திகைப்பு. பழகியவரின் திறமை அந்தத் துணிக்குள் இல்லை. அதோடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கும். முழு இருட்டு அவளுடைய அனுபவமே அல்ல. நாங்கள் நடத்தியது அவளைப் பற்றிய பாடம்கூட இல்லை.

மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக என் வகுப்பைப் பேசியது. வெவ்வேறு குறைபாடுகளை நடித்துப் பார்த்தவர்களுக்குக் குழப்பம், கூச்சம், கையாலாகாத உணர்வு, 'நமக்கும் இப்படி ஆகிவிடுமோ' என்ற பயம் எல்லாம் கூடின. மாற்றுத்திறனாளிகள் மேல் கனிவும் கூடியது. ஆனால் அவர்களோடு பழகுவது குறித்த மனப்பான்மை மேம்படவில்லை. பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அணியில் சேர்க்காத என் மாணவர்கள்தான் அது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 'அவருக்கு எப்படி இருக்கும்' என்று நினைப்பது வேறு, 'எனக்கு இப்படி ஆனால் எப்படி இருக்கும்' என்று நினைப்பது வேறு. கேட்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உளவியலாளர் டேனியல் பாட்சன் சகாக்களோடு 1997-ல் இரண்டையும் பிரித்துச் சோதித்தார். அடுத்தவர் உணர்வை நினைத்துப் பார்த்தவர்களுக்குப் பரிவு வந்தது. தன்னையே அந்த இடத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பரிவோடு சேர்ந்து தன் பொருட்டான கலக்கமும் வந்தது. அந்தக் கலக்கம் வந்துவிட்டால், மனிதர் முதலில் தேடுவது அதிலிருந்து தப்பிக்கும் வழியைத்தான். என் சீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "எனக்கு", "என்னால்", "நான்" என்றே முக்கால்வாசி வரிகள் தொடங்கின. கேள்வியே அப்படித்தான் இருந்தது: "இன்று நீங்கள் என்ன உணர்ந்தீர்கள்?" அவளுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 13 வயதிலிருந்து 18 வரை நெதர்லாந்தில் சுமார் 500 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. அடுத்தவர் பார்வையில் யோசிக்கும் திறன் இந்த ஆண்டுகளில்தான் வளர்கிறது, பெண்களுக்கு முன்னதாகவும் ஆண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும். பையன்களிடம் இந்த வயதின் முற்பாதியில் பரிவுணர்வு கொஞ்சம் இறங்கிப் பிறகு மீள்வதையும் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் ஆட்டிவைக்கும் வயதும் இதுதான் என்று உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-லேயே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்ணைக் கட்டித் தாழ்வாரத்தில் எல்லார் முன்னும் தட்டுத்தடுமாற விட்டால், அவர்கள் மனதில் ஓடுவது 'நான் எப்படித் தெரிகிறேன்' என்பதாகத்தானே இருக்கும்? அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவன் உண்மையான பதிலை எழுதினான்.

சீட்டுகளில் என்னைத் தொந்தரவு செய்த இன்னொரு வகையும் இருந்தது. "சின்ன வயதில் நிறைய டிவி பார்த்திருப்பாள்." "முன்பே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும்." பரம்பரை நோய்க்கு டிவி என்ன செய்யும்? ஆனால் குற்றத்தை எங்காவது வைத்தால்தான் மனது அமைதியாகும். மெல்வின் லெர்னர் 1966-ல் கரோலின் சிம்மன்ஸுடன் சேர்ந்து நடத்திய சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார்கள். தடுக்க வழியில்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற, பாதிக்கப்பட்டவரைத் தாழ்த்துவது ஒரு வழி. வீடற்றவர், ஏழை, அகதி என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் இளையவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: 'உழைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.' கல்மனது என்று இதைச் சொல்லிவிட முடியாது. பல சமயம் இது பயம். துன்பத்தைக் காட்டிவிட்டு, அதைக் குறைக்க ஒரு வேலையும் தராமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பயம் இப்படித்தான் வழி தேடும். நாங்கள் காட்டினோம், அனுப்பிவிட்டோம்.

அப்புறம் பரிதாபம். சூசன் ஃபிஸ்க்கும் சகாக்களும் 2002-ல் முன்வைத்த விளக்கப்படி, ஒரு பிரிவினரை நாம் இரண்டு அளவுகோல்களில் எடைபோடுகிறோம்: நல்லவர்களா, திறமையானவர்களா. 'நல்லவர்கள், ஆனால் ஒன்றும் முடியாதவர்கள்' என்று வைப்பவர்கள் மேல் வருவதுதான் பரிதாபம். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அடிக்கடி அங்கேதான் வைக்கப்படுகிறார்கள். அவள் திமிர்பிடித்த நடிகை என்ற இடத்திலிருந்து பாவம் என்ற இடத்துக்கு நகர்ந்திருந்தாள். சக மாணவி என்ற இடத்துக்கு வரவில்லை.

அடுத்து செய்தது

வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேண்டாம் டீச்சர். மறுபடியும் நான்தான் பாடமா ஆவேன்" என்றாள். சரி, உனக்கு என்ன வேண்டும் என்றேன். ஆலோசகராக இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு தாமதமாகக் கேட்டதில்லை. அவள் யோசிக்கவே இல்லை. "ஆடியோ எடிட்டிங். வீட்டுல பண்றேன். இங்க யாருக்கும் தெரியாது."

சமூக அறிவியல் ஆசிரியரோடு பேசி, பள்ளியின் கதையைச் சொல்லும் ஒலி நிகழ்ச்சி ஒன்றை முழு வகுப்புக்குமான திட்டமாக வைத்தோம். ஐந்து ஐந்து பேராகக் குழுக்கள். ஒருவர் பேட்டி எடுப்பார், ஒருவர் பழைய ஆவணங்களைத் தேடுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் குரல் கொடுப்பார், ஒருவர் எடிட் செய்வார். ஒருவர் வேலை நின்றால் குழுவுக்கே நிகழ்ச்சி இல்லை. மதிப்பெண் குழுவுக்குச் சேர்த்து. இந்த அமைப்பு என் சொந்த யோசனை அல்ல. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையின, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல் மூண்டபோது, 1971-ல் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய 'ஜிக்சா' வகுப்பு முறையிலிருந்து எடுத்தது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அடுத்தவன் துண்டு தெரியாமல் யாரும் தேற முடியாது.

அதற்கும் முன்னால், 1954-ல், உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னது இருக்கிறது. இரண்டு தரப்பு மனிதர்களை வெறுமனே ஒன்றாக உட்கார வைத்தால் போதாது. அவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். கண்கட்டுப் பயிற்சியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

சீட்டு எழுதிய பையனை எனக்குக் கையெழுத்தில் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. அவனை அவள் குழுவிலேயே போட்டேன். அது சரியா என்று இரண்டு நாள் குழம்பினேன். இன்றும் முழு நிம்மதி இல்லை. அவளிடம் ஒரு ஆபத்தை மறைத்து அனுப்பியதுபோல இருந்தது.

முதல் வாரம் எல்லாம் பழையபடிதான். குழுவில் ஒரு பெண் ஹெட்போனை வாங்கிக்கொண்டு, "நீ கஷ்டப்படாத, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவள் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம்தான் திருப்பம். அவள் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துவாள், காதில் போட்டுக்கொண்டு. அன்று ஸ்பீக்கரில் ஓடிவிட்டது. பழகியவர்கள் அந்தக் குரலை எவ்வளவு வேகத்தில் வைத்துக் கேட்பார்கள் என்பது கேட்டால்தான் நம்ப முடியும். எங்களுக்குத் தேனீக் கூட்டம் போல ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அந்தப் பையன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றான். "இது என்ன பாஷை?" நம் பாஷைதான் என்றாள். நம்பவில்லை. வேகத்தைக் குறைத்துக் காட்டினாள். "இப்ப கூட்டு." கூட்டினாள். "இன்னும் கூட்டு." ஒரு கட்டத்தில் அவனுக்கு எதுவும் புரியவில்லை, அவள் மட்டும் வரி வரியாகத் திருப்பிச் சொன்னாள். அடுத்த நாள் வீட்டில் அரை மணி பழகிவிட்டு வந்து, தன்னால் எந்த வேகம் வரை முடிகிறது என்று காட்டினான்.

மூன்றாவது வாரம் சண்டை. அவன் எடுத்த பேட்டியில் காற்று இரைச்சல். மறுபடி எடுக்கச் சொன்னாள். முடியாது என்றான். குரல் உயர்ந்தது, ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். 'பாவம்' என்று நினைப்பவளோடு யாரும் அப்படிச் சண்டை போட மாட்டார்கள். பேட்டியை மறுபடி எடுத்தான்.

எந்த வாரம் என்று தெரியவில்லை, ஒரு நாள் அவனே கேட்டிருக்கிறான்: "பேசும்போது ஏன் அந்தப் பக்கம் பாக்கற?" அவள் விளக்கியிருக்கிறாள். "அப்ப என்னைப் பார்க்கத்தான் திரும்பறியா?" என்றானாம். அவளே எனக்குச் சொன்னாள். நான்கு வருடமாக எந்த வகுப்புத் தோழனும் கேட்காத கேள்வி அது.

லசனா ஹாரிஸும் ஃபிஸ்க்கும் செய்த மூளை ஆய்வுகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. வீடற்றோர் போன்றவர்களின் படங்களைக் காட்டியபோது, இன்னொரு மனிதரின் மனதைப் பற்றி நினைக்கையில் இயங்கும் மூளைப்பகுதி வழக்கத்தைவிட மந்தமாக இருந்தது. பிறகு, 'இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா?' என்று யோசிக்கச் சொன்னபோது அது இயங்கியது. துயரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. விருப்பம் உள்ள ஒருவராகப் பார்க்க அந்தச் சின்னக் கேள்வி போதுமானதாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து நிரூபிக்க நான் ஆள் இல்லை, ஆனாலும் "ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறாய்" என்பதும் அந்த வகைக் கேள்விதான் என்று தோன்றுகிறது.

மாறியதும் மாறாததும்

ஆறு வாரம் கழித்து மறுபடி சீட்டு கொடுத்தேன். இந்த முறை "உங்கள் குழுவில் யார் என்ன செய்தார்கள்?" என்று மட்டும் கேட்டேன். வாசிக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். அந்தப் பையன் அவளைப் பற்றி எழுதியிருந்தது: "எடிட்டிங் சூப்பரா பண்ணுவா. ரொம்பக் கத்துவா." ஐந்து குழுக்களிலிருந்து அடுத்த திட்டத்துக்கு அவளைக் கேட்டார்கள்.

ஆனால் இன்னொரு சீட்டில் இப்படி இருந்தது: "அவள் ஸ்பெஷல். மற்ற பார்வையற்றவர்களால் இப்படி முடியாது." ஒருவரை விதிவிலக்காக்கிவிட்டு, அந்தப் பிரிவைப் பற்றிய எண்ணத்தை அப்படியே காப்பாற்றிக்கொள்வது. இது நன்றாக அறியப்பட்ட பழக்கம்தான். ஒருவர் மேல் வரும் பரிவு அவருடைய பிரிவு முழுவதற்கும் பரவும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. எய்ட்ஸ் பாதித்த இளம்பெண், வீடற்ற மனிதர், ஆயுள் கைதி என்று பாட்சன் 1997-ல் வேறொரு ஆய்வில் காட்டியிருக்கிறார். என் வகுப்பில் எல்லாரிடமும் அது நடக்கவில்லை. அதனால் பார்வைக் குறைபாடுள்ள இரண்டு பெரியவர்களை, தொழிலைப் பற்றிப் பேட்டி எடுப்பதற்காக அழைத்தோம். கண்ணைப் பற்றிய கேள்வி பட்டியலில் இருக்காது என்று மாணவர்களே முடிவு செய்தார்கள். அது கொஞ்சம் உதவியது.

பக்கத்து வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பையன் இருக்கிறான். அவனைப் போலப் பேசிக் காட்டுவது நிற்கவில்லை. செய்தவர்களில் இந்த வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. அதற்குத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது, இப்போது தொடங்கியிருக்கிறோம்.

இந்த ஆய்வின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. தொடங்கும் முன் முறையான அளவீடு எடுக்கவில்லை. நான் செய்த தவறு சரிசெய்யப்பட்டுவிட்டதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கே இருந்தது, அது என் கண்ணை மறைத்திருக்கலாம். பெரிய அளவில் பார்த்தவர்கள் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும். 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் அவர்கள் எழுதியது, பிரிவுகளுக்கு இடையிலான பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்பது. அது எப்படி நடக்கிறது என்று 2008-ல் பார்த்தபோது, தகவல் அறிவைவிட, பதற்றம் குறைவதும் ஒத்துணர்வு வளர்வதுமே அதிகம் வேலை செய்தன. பதற்றத்தைக் கூட்டும் பயிற்சியை நடத்திவிட்டு ஒத்துணர்வை எதிர்பார்த்த எனக்கு அந்த வரி இன்னும் வலிக்கிறது.

இந்த வருடம் பள்ளி விழிப்புணர்வு நாளுக்கான திட்டத்தை அவளிடம் முன்கூட்டியே கொடுத்தேன். கண்கட்டுப் பயிற்சியை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஸ்பீக்கர் வேண்டும்' என்று எழுதித் தந்தாள்.

ஆண்டின் கடைசி வாரம் அந்தப் பையன் என் அறைக்கு வந்தான். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு எழுதின சீட்டெல்லாம் வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

எடுத்துக் கொடுத்தேன். அவனுடையதை அவனே தேடி எடுத்தான். கிழிப்பான் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அவளுக்குத் தெரியுமா, நான்தான்னு?"

"நான் சொல்லல."

"தெரியும்னு நினைக்கிறேன்" என்றான். பிறகு, அவள் எடிட்டிங் அறையில் காத்திருக்கிறாள், தாமதமானால் கத்துவாள் என்று சொல்லிவிட்டு ஓடினான்.